வைரேயா ரோடோடென்ட்ரான்: தொட்டியா, மேடா, மரக்கட்டையா?

வெப்பமண்டல மலைகளில், மேகம் தவழும் உயரங்களில் பூக்கும் ரோடோடென்ட்ரான் (பூம்புதர்ச் செடி) கூட்டத்துக்கு வைரேயா என்று பெயர். நியூ கினி, போர்னியோ, சுலவேசி, சுமத்ரா, பிலிப்பைன்ஸ் மலைகளில் ஏறத்தாழ 300 இனங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் மலைமுகடுகளில் இரண்டு இனங்கள் இருக்கின்றன. தடித்த இலை, கிளை நுனியில் கொத்தாகப் பூ, மஞ்சளிலிருந்து ஆரஞ்சு, சிவப்பு, வெள்ளை வரை நிறம். வெள்ளைப் பூ இனங்கள் பலவற்றுக்கு நல்ல மணமும் உண்டு. இதற்கென்று ஒரு பூக்கும் பருவம் கிடையாது. நன்றாக வேர் பிடித்த செடி ஆண்டில் இரண்டு மூன்று முறைகூடப் பூக்கும்.

காட்டில் இவற்றில் பல, மரக்கிளையில் படர்ந்த பாசிமேல் தொற்றி வளர்கின்றன. தரையில் வளர்பவையும் மண்சரிந்த சரிவுகளிலும் பாறை இடுக்குகளிலும் இலைமக்குமேல்தான் நிற்கும். வேர் நூலைவிட மெல்லியது, ஆழம் போகாது. நாள்தோறும் மழை நனைக்கும், நனைத்த நீர் அந்தக் கணமே வடிந்துவிடும், பின்னாலேயே காற்று நுழையும். வாங்கி வந்த செடி முதல் ஆண்டிலேயே சாவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: வேருக்கு மூச்சு முட்டுகிறது. எங்கே நடுவது, எதில் நடுவது என்ற கேள்விக்கெல்லாம் இதை வைத்தே விடை தேட வேண்டும்.

விடை மூன்று வகை. தொட்டி, தரைக்குமேல் எழுப்பிய மேடு, மரக்கட்டை அல்லது தொங்கு கூடை. மூன்றிலும் பத்து இருபது ஆண்டுகள் செழித்த செடிகள் உண்டு. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை உங்கள் இடத்தின் காற்றும், தண்ணீரும், நீங்கள் செடிப்பக்கம் போகும் நேரமும் தீர்மானிக்கும். ஆனால் அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு.

இரவு எவ்வளவு குளிர்கிறது?

மலையில் 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறையும். நிலநடுக்கோட்டுக் கடற்கரையில் ஆண்டுச் சராசரி 27 டிகிரி என்றால், 2000 மீட்டர் உயரத்தில் 15 டிகிரிதான். வைரேயாக்களில் பெரும்பகுதி வாழ்வது அங்கே. இவற்றுக்குப் பகல் வெயிலைவிட இரவுப் புழுக்கம்தான் கேடு. பகலில் சேர்த்த சர்க்கரையைச் செடி இரவில் சுவாசித்துச் செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் செலவு ஏறிக்கொண்டே போகும். அப்போது செடி சாகாது, ஆனால் தேறவும் தேறாது. புதுத் துளிர் சிறுத்துவரும், மொட்டு வைக்காது, வேர் சோர்ந்து நோய்க்கு இடம் கொடுக்கும். மாதக்கணக்கில் உரம் மாற்றி, தொட்டி மாற்றிப் பார்த்தும் பலன் இல்லாத செடிகள் பலவற்றின் கதை இதுதான்.

இனத்தை இப்படிப் பிரித்துக்கொள்வது நல்லது. இரவு 22–24 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும் இடமென்றால் தாழ்நிலத்திலிருந்தே காணப்படும் இனங்களை மட்டும் பாருங்கள்: ஜாவானிகம், அதன் போர்னியோ உறவான புரூக்கியானம், ஜோலெரி, மலையானம், லாங்கிஃபுளோரம். இவற்றில் ஜோலெரி நியூ கினியின் தாழ்காடு முதல் ஏறத்தாழ 2000 மீட்டர் வரை பரவியிருப்பது. அதனால்தான் சூடு தாங்கும் கலப்பினங்கள் பலவற்றில் அது ஒரு பெற்றோராக இருக்கிறது. இரவு 14 முதல் 20 டிகிரிக்குள் நின்றால் கையில் பெரிய பட்டியலே உண்டு: மஞ்சள் நிற லேட்டம், ஆரஞ்சு நிற மெக்ரெகோரியே, ஆரிஜெரானம், மணக்கும் பெரிய வெள்ளைப் பூ கொனோரி, நீண்ட குழல் பூ ஜாஸ்மினிஃபுளோரம். போர்னியோவின் கினபாலு மலையின் உச்சிப் பகுதியில் மட்டும் வளரும் எரிகாய்டிஸ், நியூ கினியின் உயர்மலைச் சதுப்புகளில் மெத்தை போல் படரும் சாக்ஸிஃப்ராகாய்டிஸ் போன்றவற்றை, இரவு 10–12 டிகிரிக்கு இறங்காத இடத்தில் தொடாமல் இருப்பதே மரியாதை. படத்தில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினால் சில மாதங்களில் இழப்பீர்கள்.

முதல் செடிக்குக் கலப்பினமே சரி. லேட்டம், ஜோலெரி, ஆரிஜெரானம் கலந்தவை வேகமாக வளரும், எளிதில் வேர்விடும், சிறு தவறுகளை மன்னிக்கும். இன்னொன்று: கடும் உறைபனி விழும் இடத்தில் மேலே பிரித்த மூன்று கூட்டமும் வெளியில் நிற்காது. தென்னிந்தியச் சோலைக்காடுகளில் செக்கச்செவேலென்று பூக்கும் காட்டுப் பூவரசும் ரோடோடென்ட்ரான்தான் என்றாலும் அது வைரேயா இல்லை. அது மண்ணில் வேரூன்றும் மரம், குளிர் தாங்கும். அதற்குச் சொன்ன பராமரிப்பை இதற்குப் பொருத்தக் கூடாது.

தொட்டி

பெரும்பாலோருக்குத் தொட்டிதான் பொருந்தும். மழை விடாமல் பெய்தால் நகர்த்தலாம், வெயில் கூடினால் நகர்த்தலாம், கலவை முழுக்க நம் கையில். குறை என்னவென்றால், தொட்டியின் அடியில் தண்ணீர் தங்கும் விதம் கண்ணுக்குத் தெரியாது. செடியைக் கொல்வதும் அதுதான்.

எந்தத் தொட்டியிலும் நீர் வடிந்து முடிந்த பிறகு அடியில் ஒரு பட்டை ஈரம் செறிந்து நிற்கும். கலவைத் துகள்களுக்கு இடையிலுள்ள நுண்துளைகள் நீரைப் பிடித்துக்கொள்வதால் அது துளை வழியே இறங்காது. அந்தப் பட்டையின் உயரத்தைத் தீர்மானிப்பது துகளின் அளவு. தொட்டியின் உயரத்துக்கு அதில் பங்கில்லை. நார்த்தூள் போன்ற நுண்ணிய கலவையில் ஈரப்பட்டை 8–10 சென்டிமீட்டர் கூட நிற்கலாம். மரப்பட்டைத் துண்டுகளில் இரண்டு மூன்று சென்டிமீட்டரோடு முடிந்துவிடும். ஆகவே 12 சென்டிமீட்டர் உயரத் தொட்டியில் நுண்கலவை போட்டால் முக்கால் தொட்டி சேறுதான். அடியில் ஜல்லி பரப்புவதால் இது தீராது, ஈரப்பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி உட்காரும், வேருக்கான இடம் இன்னும் சுருங்கும். வேர் ஆழம் போகாத செடி என்பதற்காக அகலமான தட்டைத் தொட்டி வாங்குகிறவர்கள் கலவையைப் பருமனாக வைத்தே ஆக வேண்டும்.

கலவைக்கு நம்பகமான அளவு: 5 முதல் 12 மில்லிமீட்டர் மக்கிய பைன் பட்டை 5 பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு 2 பங்கு, பருமனான பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்) அல்லது எரிமலைக் கல் 2 பங்கு, கரித்துண்டு 1 பங்கு. தோட்டமண் ஒரு பிடிகூட வேண்டாம். மணலும் வேண்டாம், அது துளைகளை அடைக்கும். பைன் பட்டை கிடைக்காத இடத்தில் மட்டைத் துண்டும் எரிமலைக் கல்லும் சரிபாதி போடலாம். ஆனால் அது சீக்கிரம் மக்கும், 18 மாதத்தில் மாற்ற வேண்டிவரும். மட்டைத் துண்டில் சோடியமும் பொட்டாசியமும் ஒட்டியிருக்கும். வெறும் தண்ணீரில் அலசினால் மேலுள்ள உப்பு மட்டும் போகும், நாரோடு பிணைந்தது போகாது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து, பிறகு இரண்டு மூன்று முறை அலச வேண்டும். அலசிய நீரின் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு), நீங்கள் ஊற்றிய நீரின் அளவுக்கு அருகே வந்துவிட்டால் போதும்.

சதுப்பில் மக்கிய பீட் பாசியைப் பலர் பரிந்துரைப்பார்கள். அமிலத்தன்மை சரியாகவே இருக்கும். சிக்கல் வேறு: ஒருமுறை முழுக்கக் காய்ந்தால் மறுபடி நீரை ஏற்காது. மேலே ஊற்றியது ஓரமாக ஓடி வெளியே வந்துவிடும், வேருருண்டை உள்ளே வறண்டே கிடக்கும். பீட்டிலேயே வளர்ந்து வந்த செடியை வாங்கினால் நடும்போது வேருருண்டையின் ஓரத்தை விரலால் உதிர்த்து, புதுக் கலவையோடு வேர் கலக்கும்படி வைக்க வேண்டும். அப்படியே இறக்கி வைத்தால் உள்ளே ஒரு ஈரநிலை, வெளியே இன்னொன்று. வேர் எல்லை தாண்டாது.

கலவை போதுமா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்துவிடலாம். தொட்டியின் துளைகளை டேப்பால் ஒட்டி, உலர்ந்த கலவையை நிரப்பி, விளிம்புவரை நீர் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினால் மறுபடி நிரப்புங்கள். பிறகு ஒரு பாத்திரத்தின்மேல் தூக்கிப்பிடித்து டேப்பை உரித்தால் வடிவது எவ்வளவோ, அதுவே கலவைக்குள் காற்று நுழையும் இடம். 5 லிட்டர் தொட்டியிலிருந்து 1.25 லிட்டர் வடிந்தால் 25 சதவீதம். வைரேயாவுக்கு 20 முதல் 30 சதவீதம் வேண்டும். 15க்குக் கீழே என்றால் அந்தக் கலவையில் நடவே வேண்டாம். ஓராண்டு கழித்து அதே கலவையைச் சோதித்தால் மக்கி எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

தொட்டியின் பொருளும் முக்கியம். கறுப்பு பிளாஸ்டிக் வெயிலில் நின்றால் ஓரத்து வேர் வெந்துபோகும்; மெல்லிய வேர் அத்தனையும் ஓரத்தில்தான் இருக்கும். சுடுமண் தொட்டி சுவர் வழியே நீரை ஆவியாக்கி வேரைக் குளிர்விக்கிறது. காற்று உலர்ந்த இடத்தில் இதன் பலன் பெரிது, ஈரம் செறிந்த காற்றில் குறைவு. ஆனால் ஆவியாகும் நீர் உப்பைச் சுவரிலேயே விட்டுப்போகும், வெள்ளைப் பூச்சாகத் தெரியும். கடின நீர் ஊற்றுகிறவர்களுக்குச் சுடுமண் அவ்வளவு நல்லதில்லை. பக்கவாட்டில் துளையுள்ள வெளிர்நிற பிளாஸ்டிக் தொட்டிதான் இரண்டுக்கும் நடுவில் சரியாக அமைகிறது. சிமென்ட் தொட்டியைத் தவிர்த்துவிடுங்கள், சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும்.

அளவு எப்போதும் ஒரு படிதான் கூட வேண்டும்: 10 சென்டிமீட்டரிலிருந்து 14, அதிலிருந்து 18, பிறகு 22. “பெரிசா வெச்சா நல்லா வளரும்” என்று 30 சென்டிமீட்டர் தொட்டியில் குட்டிச் செடியை வைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. வேர் எட்டாத கலவை ஈரத்தை உறிஞ்சிக் கொடுக்க ஆளில்லாமல் புளித்துப்போகிறது.

மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் காய்ந்ததும் நீர் விட வேண்டும். தொட்டியைத் தூக்கிப் பார்த்துக் கனத்தால் கணிப்பது விரலைவிட நம்பகம். ஊற்றும்போது அடியில் வழியும்வரை ஊற்றுங்கள், தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். மழைநீருக்கு நிகரில்லை. கடின நீர்தான் இருக்கிறதென்றால் சிட்ரிக் அமிலத்தால் பிஎச் (அமில-கார அளவு) 5.5–6க்குக் கொண்டுவந்து ஊற்றலாம், வாரம் ஒருமுறையாவது உப்பில்லாத நீரால் அலசிவிட வேண்டும். உரத்தில் கைச்சிக்கனம் தேவை: துளிர்க்கும் காலத்தில் அட்டையில் சொன்ன அளவில் கால் பங்கு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அம்மோனியம் வடிவத் தழைச்சத்து இக்குடும்பத்துக்கு ஏற்றது. சாம்பல், எலும்புத்தூள், முட்டை ஓடு, சுண்ணாம்பு எல்லாம் பிஎச்சை ஏற்றுபவை. மற்ற செடிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மேடு

தரையில் நட்டால் செடி தன் முழு வடிவத்துக்கு வரும். இரண்டு மீட்டர் உயரப் புதரில் ஒரே நேரம் ஐம்பது கொத்துப் பூப்பதைத் தொட்டியில் பார்க்க முடியாது. தினமும் நீர் பார்க்கும் வேலையும் குறையும். ஆனால் குழி தோண்டி நட்டால் மட்டும் கூடவே கூடாது. களிமண்ணில் குழி வெட்டி அதை நல்ல பட்டைக் கலவையால் நிரப்பினால் கிடைப்பது ஒரு நீர்த்தொட்டி. சுற்றுப்புற நீரெல்லாம் அதற்குள் வடிந்து நிற்கும். முதல் பெருமழை வரை செடி நன்றாக இருக்கும், மழை விட்டுப் பத்து நாளில் இலை தொங்கும்.

அதனால் தோண்டாமல் தரைமேல் கட்ட வேண்டும். மண்ணின் மேற்பரப்பைத் தோட்டத்து முள்கரண்டியால் கிளறி விட்டு, 30 முதல் 45 சென்டிமீட்டர் உயரம், ஒரு மீட்டர் அகலத்துக்குப் பருமனான பட்டை, இலைமக்கு, எரிமலைக் கல் கலந்து மேடு எழுப்புங்கள். சரிவான இடமென்றால் இன்னும் நல்லது. வேருருண்டையின் மேல்மட்டம் மேட்டின் மேல்மட்டத்துக்கு ஒரு விரல் மேலே தெரிய வேண்டும். மூடாக்கு 5 சென்டிமீட்டர் போதும், தண்டைச் சுற்றி ஒரு கையகலம் வெறுமையாக விடுங்கள். தண்டில் ஒட்டிய ஈர மூடாக்கு பட்டையை அழுகவைக்கும்.

பச்சைப் பட்டையில் கட்டினால் அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தமக்கு எடுத்துக்கொள்ளும், செடி முழுக்க வெளிறும். இங்கே இரும்புச்சத்து கொடுத்துப் பயனில்லை, அம்மோனியம் சல்பேட்டை மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் தெளியும். ஆறு மாதம் குவித்து வைத்து மக்கிய பட்டையென்றால் இந்தத் தொல்லையே இல்லை. மேடு ஆண்டுக்காண்டு தாழும். இரண்டு மூன்று ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு உயரம் போயிருக்கும். அப்போது தண்டைச் சுற்றிப் புதுக் கலவையைக் குவிப்பது தவறு. வேர் பரப்பு 30–40 சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே இருப்பதால் செடியை முள்கரண்டியால் பாய் சுருட்டுவதுபோல் தூக்கி, அடியில் புதுக் கலவை போட்டு மறுபடி உட்காரவைக்கலாம். இவ்வளவு பெரிய புதரை இப்படி எளிதில் பெயர்த்து நட முடிவது ரோடோடென்ட்ரான் குடும்பத்தின் தனிச் சலுகை.

சுவரோரமும் சிமென்ட் நடைபாதை ஓரமும் வேண்டாம், ஒரு மீட்டராவது தள்ளி நடுங்கள். பெரிய மரத்தடியில் நட்டால் நிழல் கிடைக்கும், ஆனால் மரத்தின் வேர் மேட்டுக்குள் ஏறி ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். காலை வெயில் நான்கு மணி நேரமும் மதியத்துக்குமேல் நிழலும் கிடைக்கும் இடமே மேட்டுக்கு நல்ல இடம். முழு நிழலில் இலை பெரிதாகி அழகாக இருக்கும், பூ வராது. நிழல்வலை போடுவதென்றால் 30 முதல் 50 சதவீதம் போதும், 75 சதவீத வலை பூவைத் தின்றுவிடும்.

மரக்கட்டை, கூடை

காட்டில் இருப்பதுபோலவே வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கான வழி இது. வேரழுகல் அநேகமாக இருக்காது. ஆனால் இங்கே வறட்சி கொல்லும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்குக் குறையாத இடமும், நாள் தவறாமல் நீர் தெளிக்க ஒருவரும் இருந்தால் மட்டும் கட்டையை நினைக்கலாம். மூன்று நாள் வெளியூர் போனால் தெளிப்பான் பொருத்திவிட்டுத்தான் போக வேண்டும்.

மரப்பன்னத் தண்டு இதற்கு மிகப் பொருத்தம். வேர் உள்ளே புகுந்து பிடித்துக்கொள்ளும். ஆனால் மரப்பன்னங்கள் பலவும், அருகும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இருக்கின்றன, காட்டிலிருந்து வெட்டி வந்ததை வாங்குவது சரியில்லை. சொரசொரப்பான பட்டையுள்ள கடின மரக்கட்டை, தக்கை மரப்பட்டை இரண்டும் போதும். வேரை ஈர ஸ்பாக்னம் பாசியில் இரண்டு விரல் கனத்துக்குச் சுற்றி, நைலான் நூலால் கட்டையோடு இறுக்கிக் கட்டுங்கள். ஆடினால் புது வேர் நுனி உராய்ந்து கருகும், அதனால் செடி அசையவே கூடாது. ஓராண்டில் வேர் பிடித்ததும் நூலை அறுத்துவிடலாம்.

எல்லா இனமும் இதற்கு ஆகாது. ஊசி இலை கொண்ட ஸ்டெனோபில்லம், படரும் கிராசிலென்டம் போன்ற சிறிய உருவங்கள்தான் கட்டையில் அழகு. கொனோரி போன்ற பேரிலை இனத்தைக் கட்டையில் ஏற்றினால் இலை இழக்கும் நீரை வேரால் ஈடுகட்ட முடியாது.

கூடை இதைவிடச் சுலபம், தொட்டிக்கும் கட்டைக்கும் இடைப்பட்டது. ஆஸ்திரேலிய இனங்களான லோக்கியே, விரியோசம் இரண்டின் மணி வடிவச் சிவப்புப் பூக்கள் தலைகவிழ்ந்து தொங்குவதால் கீழிருந்து பார்க்கும் உயரத்தில் கூடையில் வைத்தால்தான் பூ முகம் தெரியும். கம்பிக் கூடையில் தென்னை நார் விரிப்பு போட்டு, மேலே சொன்ன கலவையில் மட்டைத் துண்டின் பங்கை மூன்றாக்கினால் போதும். காற்று நாலாபக்கமும் படுவதால் தொட்டியைவிட இரண்டு மடங்கு விரைவில் காயும்.

விதையா, குச்சியா, ஒட்டா?

இடம் முடிவானபின் செடியை எப்படித் தொடங்குவது? விதை தூசி போல இருக்கும், இரு முனையிலும் வால் போன்ற நீட்சியோடு. சில மாதங்களுக்குள் முளைப்புத்திறன் போய்விடும், அதனால் காய் வெடித்த உடனே விதைக்க வேண்டும். நறுக்கிய ஸ்பாக்னம் பாசியின்மேல் தூவி, மூடாமல், வெளிச்சத்தில், கண்ணாடி மூடியின்கீழ் வைத்தால் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பச்சைப் புள்ளிகள் தெரியும். பூப்பதற்கு நான்கு ஐந்து ஆண்டுகள் ஆகலாம், பேரிலை இனங்களில் இன்னும் கூட. கலப்பினத்தின் விதை தாயைப் போல இருக்காது. புதுக் கலப்பு உருவாக்க விரும்புகிறவர்களும், இனத்தின் மரபு வேற்றுமையைக் காக்க நினைப்பவர்களும் விதை போடட்டும். பூ பார்க்க வேண்டுமென்றால் குச்சிதான் வழி.

குச்சி எடுக்கும் நேரம் பார்த்து எடுக்க வேண்டும். கடைசியாக வந்த துளிர் விறைத்து, இலை கரும்பச்சையாகி, தண்டை வளைத்தால் ஒடியாமல் வில்லாக நிற்கும்போது எடுங்கள். 7–10 சென்டிமீட்டர் நீளம் போதும். நுனி இலைச்சுற்றில் மூன்று நான்கு இலையை மட்டும் வைத்து, பெரிய இலையென்றால் அதையும் பாதியாக நறுக்குங்கள். நுனியில் பூமொட்டு இருந்தால் கிள்ளிவிடுங்கள். அடிப்பக்கம் ஒரு புறம் 2 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பட்டையைச் சீவி, பச்சைக்கு அடியில் உள்ள வெள்ளை தெரியச் செய்யுங்கள். வேர் அந்தக் காயத்தின் இரு விளிம்பிலிருந்துதான் வரும். 3000 முதல் 8000 பிபிஎம் ஐபிஏ (வேர்விடத் தூண்டும் ஹார்மோன்) தூளில் தொட்டு, பெர்லைட் மூன்று பங்கும் பீட் அல்லது அலசிய நார்த்தூள் ஒரு பங்கும் கலந்ததில் ஊன்றி, பிளாஸ்டிக் மூடியின்கீழ் நிழலில் வையுங்கள். அடிச்சூடு 20–24 டிகிரி இருந்தால் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் வேர் வரும். பேரிலை இனங்கள் ஆறு மாதம்கூட எடுக்கும், இலை பச்சையாக இருக்கும்வரை பிடுங்கிப் பார்க்காதீர்கள். வேர்விட்ட குச்சி பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் பூக்கும்.

ஒட்டு வேண்டியது, சொந்த வேரில் நலிந்து நிற்கும் லியூகோஜைகாஸ் போன்றவற்றுக்கு மட்டும். வீரியமான கலப்பினக் குச்சியை அடிக்கட்டையாக எடுத்து, ஆப்பு ஒட்டு கட்டி, ஒட்டும் வேரும் ஒரே நேரத்தில் பிடிக்கும்படி மூடிக்குள் வைக்கும் முறை இதில் கைகொடுக்கிறது. ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை விட்டுவைத்தால் அதுவே செடியை வென்றுவிடும். புதிதாகத் தொடங்குகிறவர் ஒட்டுச்செடியைத் தேடிப்போக வேண்டிய அவசியம் இல்லை.

எங்கே எந்தக் கோளாறு

கலவை ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கினால் பைட்டோப்தோரா என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிர் தரும் வேரழுகல். தொட்டியில் அதிகம், குழியில் நட்டதில் மிக அதிகம், கட்டையில் அரிது. தண்டின் அடியைக் கீறிப் பார்த்தால் பட்டைக்கடியில் பழுப்பு ஏறியிருக்கும். அந்த நிலையில் மருந்தை நம்ப வேண்டாம். மேலே பழுப்பு ஏறாத நுனிகளிலிருந்து குச்சி எடுத்துக்கொண்டு செடியையும் கலவையையும் அப்புறப்படுத்துங்கள். இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் பிஎச் ஏறி இரும்பு கிடைக்கவில்லை. ஈடிடிஹெச்ஏ வகை இரும்பு உடனே பச்சை தரும், ஆனால் நீரைச் சரிசெய்யாவிட்டால் மறுபடி வரும். இலை விளிம்பு கருகினால் உப்பு: சுடுமண் தொட்டியிலும் உரம் கூடிய இடத்திலும் பாருங்கள்.

இலையின் மேலே வெளிர் மஞ்சள் திட்டும் அடியில் பழுப்பு அல்லது ஊதாப் படலமும் சாம்பல் நோய். இலையடியில் ஆரஞ்சுத் தூள் துருநோய். இரண்டுக்கும் காற்றோட்டமில்லாத மூலை காரணம். நெருக்கி அடுக்கிய தொட்டிகளில் ஓடிப் பரவும். மாலையில் இலைமேல் நீர் தெளிப்பதையும் நிறுத்துங்கள். இலை வெள்ளி போல் மங்கினால் இலைப்பேன், தூசி படிந்ததுபோல் வெளிறினால் சிலந்திப்பேன். உலர்ந்த காற்றில் தொங்கும் கூடைகளுக்கு இது வழக்கமான தொல்லை, இலையின் அடிப்பக்கத்தை வாரம் ஒருமுறை காலையில் நீரால் பீய்ச்சினாலே பெருமளவு அடங்கும்.

கிளை நீண்டு நுனியில் மட்டும் இலைக்கொத்தோடு நின்றால் அது நோயில்லை, கிள்ளாமல் விட்டதன் விளைவு. துளிர் நுனியை இளசாக இருக்கும்போதே கிள்ளினால் மூன்று நான்காகப் பிரியும். பூத்து முடிந்த கொத்தைக் காயாகும் முன் ஒடித்துவிட்டால் அடுத்த துளிர் சீக்கிரம் வரும். ஒடித்த இலையையும் கிளையையும் ஆடு மாடு எட்டும் இடத்தில் போடாதீர்கள், ரோடோடென்ட்ரான் இலையில் கால்நடைக்கு ஆகாத நச்சு உண்டு.

எது, யாருக்கு

தண்ணீர் கடினம், மழை நீண்டது, செடி ஒன்றிரண்டு என்றால் தொட்டி. இரவு பெரும்பாலும் 18 டிகிரிக்குக் கீழ் இறங்கும், சரிவு இருக்கிறது, நிறைய மக்கிய பட்டையும் கிடைக்கிறதென்றால் தயங்காமல் மேடு. இந்த மூன்றும் கூடிய இடத்தில் தொட்டியோடு மல்லுக்கட்டுவது வீண். மூடுபனி படியும் இடம், சிறிய இனம், தினசரி கவனம் மூன்றும் சேர்ந்தால் கட்டை. சூடான தாழ்நிலத்தில் மேட்டுக்கும் கட்டைக்கும் முன்னால் ஓராண்டு தொட்டியில் வைத்து, அந்த இனம் உங்கள் கோடையைத் தாண்டுகிறதா என்று பாருங்கள்.

தொட்டியிலிருந்து மேட்டுக்கு மாற்றுவதென்றால் ஒரு துளிர் முற்றி அடுத்தது புடைக்கும் முன்பான இடைவெளியில், வெப்பம் தணிந்த வாரத்தில் மாற்றுங்கள். வேர் தொட்டிவடிவில் சுற்றியிருந்தால் நாலு பக்கமும் கத்தியால் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீறிவிட்டு நடுங்கள். முதல் ஆறு வாரம் மேட்டின் கலவையை விட்டுவிட்டு வேருருண்டைக்கு நேர்மேலேயே நீர் ஊற்ற வேண்டும், ஏனென்றால் அதுவரை வேர் அதற்குள்ளேயே இருக்கும். சுற்றிலும் ஈரம் தெரிந்தாலும் உருண்டை காய்ந்து கிடக்கும்.